பிள்ளைகளோடு இங்கிலாந்துப் பண்ணையில் கிளாம்பிங் போகலாமா?

கிளாம்பிங் என்றால் சொகுசு வசதிகளோடு கூடாரத்திலோ குடிசையிலோ தங்குவது. லண்டனில் இருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், ஈஸ்டர் விடுமுறைக்குப் பண்ணையில் கிளாம்பிங் போகலாம் என்கிறாள் மனைவி, அந்தக் காசுக்குத் தகுமா?"

தகும். ஆனால் அது நிஜமாகவே விவசாயம் நடக்கும் பண்ணையாக இருக்க வேண்டும்.

கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, விறகடுப்பு, வாசலில் வெந்நீர்த் தொட்டி என்று படத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பதிவு செய்கிறோம். என்னைக் கேட்டால் அதையெல்லாம் கடைசியில் பாருங்கள். முதலில் பண்ணைக்குப் போன் போட்டு, நாங்கள் வரும் வாரத்தில் உங்களுக்கு என்ன வேலை இருக்கும், பிள்ளைகள் கூட வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். வேலை நடக்கும் பண்ணை என்றால் நேரம், கொட்டகை, செருப்பு, கைகழுவல் என்று நிபந்தனைகளோடு பதில் வரும். "எல்லா நாளும் எல்லாம் பார்க்கலாம்" என்றால், வேலிக்குள் நாலு முயலும் ஒரு மட்டக்குதிரையும் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்கு அவ்வளவு தூரம் கார் ஓட்ட வேண்டியதில்லை.

நாங்கள் போனது வட இங்கிலாந்தின் மலைப் பள்ளத்தாக்குப் பகுதியான யார்க்‌ஷயர் டேல்ஸில், ஹாவ்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்மறிப் பண்ணைக்கு. ஏப்ரல் மாதம், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவும் கூட. தெற்கே சமவெளிப் பண்ணைகளில் ஆடுகள் சீக்கிரமே குட்டி போட்டு முடித்துவிடும். டேல்ஸ் மலைப்பக்கம் குளிர் விட்டுப் புல் முளைக்க நாளாகும் என்பதால் ஏப்ரலில்தான் குட்டி போடும் வேலை உச்சத்தில் இருக்கும். அங்கே பார்ப்பது பெரும்பாலும் ஸ்வேல்டேல் இன ஆடுகள், கறுத்த முகம், வெளுத்த மூக்கு, கிடாவுக்கும் பெட்டைக்கும் சுருண்ட கொம்பு.

பண்ணைக்கார அம்மா தூங்குவாரா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. ராத்திரியும் விடியலிலும் டார்ச்சோடு ஒரு சுற்று, பிறந்ததும் தொப்புளில் அயோடின், தாயின் விலாவிலும் குட்டிகளின் விலாவிலும் ஒரே எண்ணைச் சாயத்தில் அடிப்பது, இப்படி ஓடிக்கொண்டே இருந்தார். குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும், பிறக்கும்போது அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி ஏதும் கிடையாது என்று அவர் விளக்கினார். அதை மகள் தமிழில் சொல்ல, "இதை எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்" என்றார் அம்மா. வீட்டில் மாடு வைத்திருந்தவர். மொழி தெரியாத இரண்டு பேரும் அதற்குப் பிறகு கொட்டகையிலேயே ஒன்றாக நின்றார்கள். அம்மா இந்த நாட்டுக்கு வந்து அவ்வளவு தெம்பாக நான் பார்த்தது அங்கேதான்.

பிள்ளைகள் மனதில் தங்கியது வேறொன்று. ஆட்டு மடியில் இரண்டு காம்புதான், அதனால் மூன்று குட்டி போட்ட தாயிடமிருந்து ஒன்றை எடுத்து, குட்டியை இழந்த இன்னொரு தாயிடம் சேர்க்கப் பார்க்கிறார்கள். தாய்க்கு அடையாளம் வாசனை. எனவே செத்த குட்டியின் தோலை உரித்து, சட்டை மாதிரி இந்தக் குட்டிக்குப் போட்டு விடுகிறார்கள். அந்தத் தாய் முகர்ந்து பார்த்து, யோசித்து, கடைசியில் பால் குடிக்க விட்டது. மகன் அங்கே பேசவே இல்லை, ஆனால் அன்று இரவு முழுக்கக் கேள்வி கேட்டான். செத்த குட்டியைப் பார்க்க விடலாமா என்று சில பெற்றோர் தயங்குவார்கள். நான் விடுவேன், தட்டில் வரும் கறி எங்கிருந்து வருகிறது என்று அதே கொட்டகையில் நின்றுதான் முதல்முறை நேராகப் பேசினோம்.

இனி கறாரான விஷயம். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் ஆடு குட்டி போடும் காலத்தில் இந்தப் பயணமே வேண்டாம். ஈனும் ஆட்டிடமிருந்தும் புதுக் குட்டியிடமிருந்தும் வரும் தொற்றுகள் கருவைக் கலைக்கக்கூடியவை, கொட்டகைக்குப் போய்வந்தவரின் துணி, பூட்ஸ் வழியாகவும் வரலாம். உங்கள் சின்னவனுக்கு 5 வயது என்பதால் இன்னொன்று: ஆட்டையோ மாட்டையோ தொட்ட பிறகு சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும், ஜெல் போதாது. ஈ கோலை ஓ157 என்ற கிருமி சின்னப் பிள்ளைகளின் சிறுநீரகத்தையே பாதிக்கும். குட்டிக்கு முத்தம் கொடுக்கவும் விடாதீர்கள். பண்ணையில் கறந்த பால் கிடைத்தால் நம் வீட்டு வழக்கப்படி பொங்கக் காய்ச்சியே குடியுங்கள்.

கரி அடுப்பை, அணைந்து போனது மாதிரி தெரிந்தாலும், கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். விறகடுப்பு வைத்திருக்கும் இடம் என்றால் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று பதிவு செய்யும் முன்பே கேளுங்கள்.

ஏப்ரலில் துணிக் கூடாரம் வேண்டாம் என்பது என் கருத்து, டேல்ஸில் ராத்திரி உறைநிலைக்கு இறங்கும். சக்கரம் வைத்த மேய்ப்பர் குடிசை அல்லது பாட் என்னும் மரத்தாலான சின்ன அறை எடுங்கள். விறகடுப்பில் சோறு வைக்கலாம்தான், ஆனால் பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது சரிப்படாது. கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டு, குக்கரும் அரிசி பருப்பும் எடுத்துப் போங்கள். ரப்பர் பூட்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி. திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியே, மூடியிருந்ததை மூடியே விடச் சொல்லிப் பழக்குங்கள், ஒரு கேட் தவறினால் அவர்களுக்கு அரை நாள் வேலை கெடும். கன்றோடு நிற்கும் மாட்டின் பக்கம் போகவே வேண்டாம்.

காசு விஷயம். ஆமாம், சும்மா கூடாரம் போடுவதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அந்த மலை ஆட்டு ரோமம் விற்ற காசு கத்தரிக்கும் கூலிக்கே கட்டாது, நிலப்பரப்பைக் கணக்கிட்டுக் கொடுத்துவந்த பழைய மானியத்தையும் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு படிப்படியாக நிறுத்துகிறார்கள். மலைப் பண்ணை ஒன்று மூடாமல் நடக்க இந்த நாலைந்து குடிசை வாடகை உதவுகிறது என்றால், நான் சந்தோஷமாகவே கொடுப்பேன். அவர்களிடமே முட்டையும் கறியும் வாங்குங்கள்.

மழை கொட்டும் நாளுக்கு ஹாவ்ஸில் வென்ஸ்லிடேல் சீஸ் செய்யும் ஆலை இருக்கிறது, பக்கத்தில் ரிப்பிள்ஹெட் பாலம், 24 வளைவுகள், ரயில் போகும்போது பார்க்க வேண்டும். மேகமில்லாத இரவு என்றால் எங்கும் போக வேண்டாம், வாசலிலேயே நில்லுங்கள், அந்தப் பகுதி 2020 முதல் இருண்ட வானக் காப்பகம், அதாவது விளக்கு வெளிச்சம் கெடுக்காமல் நட்சத்திரம் பார்க்கக் காத்துவரும் இடம்.

ஈஸ்டர் தேதி வருடா வருடம் மாறுவதால் மார்ச்சிலேயே வந்துவிட்டால் மலைப்பக்கம் குட்டிகள் அதிகம் இருக்காது. அந்த வருடம் தெற்கே, டெவன் மாதிரிப் பகுதிகளில் தேடுங்கள், இல்லையென்றால் பள்ளி முடிந்து ஜூலைக் கடைசியில் போங்கள், மலைப்பக்கம் தீவனத்துக்குப் புல் அறுத்துக் காயவைக்கும் வேலை அப்போது நடக்கும்.