இரண்டு அங்குலப் பனி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

மகள் வீட்டுக்கு அட்லாண்டா வந்து இரண்டு மாதம் ஆகிறது. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போன வாரம் இரண்டு அங்குலம் பனி விழும் என்று டிவியில் சொன்னதற்கே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். கடையில் பாலும் ரொட்டியும் காலி. விடிந்து பார்த்தால் வாசலில் கோலமாவு கொட்டியதுபோல் கொஞ்சம் கிடந்தது. இதே நாட்டில் பஃபலோவில் ஆள் உயரம் விழுந்தாலும் அசரமாட்டார்களாமே? 2023 டிசம்பரில் நாம் பார்க்காத வெள்ளமா? இவர்கள் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? ஆபத்து என்றால் பக்கத்து வீட்டுக் கதவைக்கூடத் தட்டமாட்டார்கள் போலிருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அண்ணாச்சி,

பேரப்பிள்ளை எடுத்த நீங்கள்தான் எனக்கு அண்ணாச்சி.

அந்தக் கோலமாவைப் பார்த்துச் சிரிக்கும் முன் அக்கம்பக்கத்தில் 2014 ஜனவரி 28 பற்றிக் கேட்டுப் பாருங்கள். அன்று அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. பனி விழ ஆரம்பித்த பிறகு பள்ளி, ஆபீஸ், அரசு அலுவலகம் எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விட்டார்கள். மொத்த ஊரும் காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. சக்கரம் பட்டுக் கரைந்த பனி மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிட்டது. பனி உருக ரோட்டில் உப்புப் போட வேண்டிய லாரிகளும் அந்த நெரிசலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி வீடு வந்து சேரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே படுத்தார்கள், வாத்தியார்களும் கூடவே. நெடுஞ்சாலையில் நின்ற காரிலேயே ஒரு குழந்தை பிறந்தது. இப்போது முந்தின நாளே லீவு விடுகிறார்கள் என்றால், சூடு கண்ட பூனை, அவ்வளவுதான்.

பஃபலோவோடு ஒப்பிடுவது நியாயமில்லை. எந்த ஊரும் தனக்கு அடிக்கடி வருகிற ஆபத்துக்குத்தான் சாமான் வாங்கி வைக்கும். நம் திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரைக் கிழிக்கப் படகின் முனை மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு மறுபடி பூஜை. ஒருத்தரும் பதறுவதில்லை. பஃபலோக்காரர்களுக்குப் பனி அப்படி. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியபோது நாம் எப்படி இருந்தோம்? நான் மெழுகுவர்த்திக்கு ஓடினேன், மூன்று கடையில் இல்லை. அதனால் பாலையும் ரொட்டியையும் கேலி செய்ய எனக்கு வாய் வராது. பஃபலோவுக்கும் ஒருநாள் கணக்குத் தப்பியது. 2022 கிறிஸ்துமஸ் பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வண்டி ஓட்டத் தடை அறிவித்தபோது பலர் ஏற்கெனவே வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

கதவு தட்டுகிற விஷயம். அந்த 2023 வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் மாட்டிக்கொண்டபோது பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சோறாக்கிப் போட்டதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அட்லாண்டாவிலும் அந்த ராத்திரி ஹோம் டிப்போ கடைகளைத் திறந்துவிட்டு, வழியில் மாட்டியவர்களைப் படுக்கவைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஃபேஸ்புக்கில் குழு ஆரம்பித்து, 'எங்கள் வீட்டுக்கு வாங்க' என்று விலாசம் கொடுத்தார்கள். இதே பனியில் சண்டையும் உண்டு. பாஸ்டனில் ஒருவர் இடுப்பொடியப் பனியை அள்ளிக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டு, வெளியே போகும்போது அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அதேதான். நாற்காலியை எடுத்தால் கைகலப்பு. மாநகராட்சியே அவசரநிலை முடிந்து 48 மணி நேரம்வரை நாற்காலியைப் பொறுத்துக்கொள்கிறது. நம் துண்டுக்கு அந்த மரியாதை இல்லை.

அப்புறம் ஒன்று. நமக்கு மார்கழிப் பனியும் பனி, அதுவும் பனி. அந்த நினைப்பில் வாசலைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று நீங்கள் இறங்கிவிட வேண்டாம். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும், பனி அள்ளுவது சுமை தூக்குகிற வேலை. அங்கே வருஷா வருஷம் இதில் மாரடைப்பு வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். மண்வாரியை மருமகனிடம் கொடுங்கள். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த வாசலையும் சேர்த்து அள்ளச் சொல்லுங்கள். கதவைத் தட்ட அது ஒரு சாக்கு.