கரையோரக் கேள்வி-பதில்: படகின் பின்பலகையில் எதை மாட்டலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை. பைபர் படகில் எஞ்சின் தொங்குகிற பின்பலகை, யார்டில் டிரான்சம் என்கிறார்களே, அதில் எதையாவது மாட்டினால் படகு ஓடுமா, பெட்ரோல் மிச்சமாகுமா என்று கேட்டிருக்கிறார்கள். பாம்பன் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் அவுட்போர்டு எஞ்சினும் பைபர் வேலையும் பார்த்தவன் என்ற முறையில், எனக்குக் கைப்பழக்கமானதை மட்டும் சொல்கிறேன்.

ஐயா, என்னுடையது 18 அடி பைபர் படகு, 15 குதிரைத்திறன் எஞ்சின். நானும் மகனும் தூண்டிலுக்குப் போகிறோம். முழுசாக முடுக்கினால் படகின் முன்முனை, அணியம், வானத்தைப் பார்க்கிறது, முன்னால் என்ன வருகிறது என்றே தெரிவதில்லை. எஞ்சின் கத்துகிறதே தவிர வேகம் ஏறவில்லை. பின்னால் இரண்டு தகடு அடித்தால் சரியாகும் என்கிறார்கள். எப்படி அடிப்பது?
– வாசகர், மண்டபம்

தகடு அடிக்கலாம், பலனும் உண்டு. ஆனால் துளைபோடும் மெஷினை எடுப்பதற்கு முன் ஒரு காலை நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள்.

உங்கள் படகு தண்ணீரில் படுகிற நீளம் சுமார் 16 அடி இருக்கும். அந்த நீளத்துக்குத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற வேகம் மணிக்கு ஐந்தேகால், ஐந்தரை நாட்டிகல் மைல், அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் முட்டி நிற்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறி, தண்ணீர் மேல் வழுக்கத் தொடங்க வேண்டும். உங்கள் படகு அந்த மேட்டில் பாதி ஏறி அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பின்முனையான அமரம் தாழ்ந்து, அணியம் தூக்கி, எஞ்சின் முழு பலத்தையும் அந்த மேட்டிலேயே கொட்டுகிறது.

அமரம் ஏன் தாழ்கிறது? எஞ்சின் பின்னால். அதைப் பிடித்திருக்கும் நீங்கள் பின்னால். பெட்ரோல் கேன் காலடியில். 20 லிட்டர் கேன் என்றால் அதுவே 15 கிலோ. ஐஸ் பெட்டியும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று அங்கேயே வைத்திருப்பீர்கள். நான் பார்த்த பத்துப் படகில் எட்டு இப்படித்தான்.

கடல் அமைதியாக இருக்கும் விடியலில் போங்கள். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் செயலி ஒன்று போதும். முதலில் வழக்கம்போல் ஓட்டி வேகத்தைக் குறியுங்கள். நீவாடு (நீரோட்டம்) ஒரு பக்கம் தள்ளும், அதனால் போகும்போது ஒரு கணக்கு, திரும்பும்போது ஒரு கணக்கு எடுத்து நடுத்தரம் பாருங்கள். அப்புறம் கேனையும் ஐஸ் பெட்டியையும் நடுப்படகுக்கு முன்னால் நகர்த்தி, மகனை அணியத்துப் பக்கம் உட்காரச் சொல்லி அதே தூரத்தை ஓட்டுங்கள். மூன்றாவதாக, எஞ்சினின் சாய்வுக் கம்பியைக் கழற்றி ஒரு ஓட்டை உள்ளே, பின்பலகையை நோக்கி மாட்டிப் பாருங்கள். காத்தாடி (புரொப்பெல்லர்) தள்ளும் திசை மாறி, அணியம் தானாக இறங்கும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. பெட்ரோல் கேனுக்கு நீளமான குழாய் வாங்குவது மட்டும்தான் செலவு.

எடையை முன்னால் தள்ளியதும் வேகம் ஏறினால், தகடோ, அடுத்துச் சொல்லப்போகும் ஆப்போ உங்கள் படகுக்கு வேலை செய்யும். ஏறவே இல்லையென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. காத்தாடியையும் எஞ்சின் உயரத்தையும் பாருங்கள்.

கரையில் ஏற்றி இறக்குகிற படகுக்கு நான் தகட்டைவிட ஆப்பைத்தான் சொல்வேன். கீல் வைத்த அலுமினியத் தகடு மணலில் இழுக்கும்போது வளைந்துவிடும். ஆப்பு என்பது பின்பலகைக்கு அடியில், படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிய சரிவு. முன்பக்கம் பூஜ்யமாகத் தொடங்கி 25 சென்டிமீட்டர் பின்னால் வந்து, விளிம்பில் 12 மில்லிமீட்டர் தடிமன். மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவான சாய்வு, அவ்வளவே போதும். அடியில் ஓடும் தண்ணீர் அந்தச் சரிவில் கீழ்நோக்கி மடங்கும்போது அமரத்தை மேலே தூக்குகிறது. இடது வலது இரண்டு பக்கமும் ஒரே அளவாக வையுங்கள். நடுவில் எஞ்சினுக்கு இரு பக்கமும் ஒரு சாண் இடம் விடுங்கள், கலங்கிய தண்ணீர் காத்தாடிக்குப் போகக்கூடாது.

இதற்கு ஒரு துளைகூட வேண்டாம். மேல்பூச்சான பழைய ஜெல்கோட்டைக் கிரைண்டரால் 40 நம்பர் தாளில் பைபர் தெரியும்வரை தேய்த்து, அசிட்டோன் துடைத்து, பைபர் இழை விரிப்பும் (மேட்) ரெசினுமாக அடுக்கடுக்காக ஏற்றலாம். வழவழப்பான பூச்சின் மேலேயே ஒட்டினால் ஒரு சீசனில் உரிந்துவரும். பின்விளிம்பு மட்டும் கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கட்டும். உருட்டி அழகாக முடித்தால் தண்ணீர் அறுந்து விலகாமல் பின்பலகையோடு ஒட்டிக்கொண்டு வரும். பிடிக்கவில்லையென்றால் அதே கிரைண்டரால் எடுத்துவிடலாம்.

அளவுக்கு மேல் போகாதீர்கள். ஆப்பு பெரிதானால் பின்னாலிருந்து அலை தள்ளும்போது படகு மூக்கைக் குத்தி, அமரம் பக்கவாட்டில் சுழலும். தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் தென்கடலில் கரை திரும்புகிறவர்களுக்கு அது உயிர் விஷயம். 12 மில்லிமீட்டரில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் அடுத்த வருடம் கூட்டலாம்.

அண்ணே, எங்களுடையது 28 அடி நாட்டுப்படகு, 9.9 எஞ்சின், வலையோடு நாலு பேர். பின்னால் ஒரு பெட்டி கட்டி எஞ்சினைத் தள்ளி வைத்தால் வேகம் கூடும் என்று ஒரு மேஸ்திரி சொல்கிறார். கட்டலாமா?
– வாசகர், தொண்டி

வேண்டாம் தம்பி. அந்தப் பணத்தை வலைக்குப் போடுங்கள்.

முதல் கேள்விக்குச் சொன்ன மேடு உங்களுக்கும் உண்டு. ஆனால் அவ்வளவு கனத்தை 9.9 குதிரைத்திறன் அந்த மேட்டுக்கு மேல் ஏற்றாது. ஏறாத படகுக்கு ஆப்பும் தகடும் இழுவைதான். பெட்டி கட்டினால் எஞ்சினின் எடை இன்னும் ஓரடி பின்னால் போகிறது, பின்பலகையில் நெம்புகோல் மாதிரி இழுக்கிறது. அந்தப் பெட்டி தானே மிதக்கிற அளவுக்கு அகலமாகவும் ஆழமாகவும் இல்லையென்றால் அமரம் இன்னும் தாழும்.

உங்களுக்கு மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வகைப் படகில் எஞ்சின் தர வேண்டிய சக்தி, வேகத்தைக் காட்டிலும் மிக வேகமாக ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே தேவைப்படும் சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தி, கால் மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். படகு தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தால் அடியில் கொட்டலசுச் சிப்பியும் பாசியும் ஏறியிருக்கும், சுரண்டிவிடுங்கள். கனமான படகுக்குப் புரி (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) குறைந்த காத்தாடிதான் சரி. வேகப்படகுக்கு வாங்கிய காத்தாடியை இதில் போட்டால் எஞ்சின் மூச்சு வாங்கும்.

அலையில் ஏறி இறங்கும்போது எஞ்சின் திடீரென்று 'ஊ'வென்று கத்துகிறது, படகு நின்றுபோகிறது. காத்தாடி புதுசு. என்ன கோளாறு?
– வாசகர், கீழக்கரை

காத்தாடி காற்றைக் குடிக்கிறது. காத்தாடிக்கு மேலே படுத்த மாதிரி ஒரு தட்டு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு நேராக, அல்லது ஒரு அங்குலம் வரை கீழே இருக்க வேண்டும். உங்களுடையது மேலே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு நீளமான பலகையைப் படகின் அடியில் வைத்துப் பின்னால் நீட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

எஞ்சினில் குட்டைத் தண்டு 15 அங்குலம், நெட்டைத் தண்டு 20 அங்குலம். குட்டைத் தண்டு எஞ்சினை உயரமான பின்பலகையில் மாட்டினால் நீங்கள் சொல்கிற கோளாறு வரும். பின்பலகையின் நடுவை வெட்டி இறக்குவதைவிட எஞ்சினை மாற்றுவது நல்லது. வெட்டினால் பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். மாறாக நெட்டைத் தண்டு எஞ்சினைத் தாழ்ந்த பலகையில் மாட்டியவர்களுக்குத் தண்ணீர் விசிறியடிக்கும், இழுவை கூடும். அவர்கள் மேலே ஒரு கட்டை வைத்து உயர்த்தலாம். உயர்த்தியபின் எஞ்சினிலிருந்து பீய்ச்சும் குளிர்நீர் விடாமல் வருகிறதா என்று திருப்பத்திலும் அலையிலும் பாருங்கள். அந்தப் பீய்ச்சல் அறுந்தால் எஞ்சின் வெந்துபோகும்.

எஞ்சின் தட்டில் மாட்டுகிற பிளாஸ்டிக் இறக்கை ஆன்லைனில் விற்கிறார்கள். நல்லதா?
– வாசகி, திருப்புல்லாணி (கணவருக்காகக் கேட்கிறேன்)

அதுவும் அமரத்தைத் தூக்கத்தான் செய்யும், பொய்யில்லை. ஆனால் வலைக்குப் போகிறவர் என்றால் வாங்காதீர்கள் அம்மா. வலையை இழுத்து ஏற்றும்போது அந்த இறக்கையின் மூலையில் கண்ணி மாட்டும். இருட்டில் அமரத்தில் குனிந்து அதை எடுக்கிற வேலை அவருக்கு வேண்டாம். தூண்டில்காரர்கள் மாட்டலாம், அதிலும் துளைபோடாமல் பிடித்துக்கொள்ளும் வகையாகப் பாருங்கள்.

பின்பலகையில் எதை மாட்டினாலும் தண்ணீர் இறங்கி உளுத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. எப்படித் துளைபோடுவது?
– வாசகர், வேதாரண்யம்

இந்தப் பயம் எல்லோருக்கும் வேண்டும். நான் தொழில் பழகிய புதிதில் ஒருவருக்கு எஞ்சினை உயர்த்த இரும்புச் சட்டம் மாட்டிக் கொடுத்தேன். நாலு போல்ட், அதில் இரண்டு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. துளையின் உள்சுவரில் ஒன்றும் பூசவில்லை, வெளியே பெயிண்ட் அடித்ததோடு சரி. இரண்டு வருடம் கழித்து, எஞ்சின் ஆடுகிறது என்று படகைக் கொண்டுவந்தார். போல்ட்டைக் கழற்றினேன், துளையிலிருந்து தேயிலைச் சாறு மாதிரி பழுப்புத் தண்ணீர் வழிந்தது. திருப்புளியை உள்ளே குத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. வெளியே இழுத்தபோது முனையில் ஒட்டி வந்த ப்ளைவுட், ஊறப்போட்ட தென்னை மட்டை வாசனை அடித்தது. பைபர் தோல் இரண்டு பக்கமும் புதுசு மாதிரி பளபளவென்று இருக்க, நடுவில் மரமே இல்லை. அந்தப் பலகையை நம்பி அவர் இரண்டு வருடம் கடலுக்குப் போயிருக்கிறார் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சம்பளம் வாங்காமல் பலகையை மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் முதலில் தட்டிப் பாருங்கள். சுத்தியல் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும், உளுத்த இடம் 'தொப்'பென்று செத்த ஓசை தரும். எஞ்சினை மேலே தூக்கிப் பிடித்து ஆட்டுங்கள், பலகை வளைகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். உளுத்த பலகையில் எதையும் மாட்டாதீர்கள்.

பலகை நன்றாக இருந்தால், 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 மில்லிமீட்டரில் துளைபோட்டு, அதை முழுக்க எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 10 மில்லிமீட்டர் துளைபோடுங்கள். போல்ட் மரத்தைத் தொடவே கூடாது. சீலண்ட் பாலியூரித்தேன் வகை, ஜன்னலுக்குப் போடும் சிலிகான் கடலில் நிற்காது. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ். அலுமினியத் தகடு என்றால் நடுவில் நைலான் வாசர் கட்டாயம். உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் மாவாகக் கொட்டும். உள்பக்கம் அகலமான பட்டை வைத்து இறுக்குங்கள்.

வீட்டிலேயே ரெசின் கலக்குகிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: ரெசின் சீக்கிரம் இறுகுவதற்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்காதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். அந்த ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் டப்பாவைத் திறக்காதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

எந்த வேலை செய்தாலும் எஞ்சினைப் படகோடு ஒரு நல்ல கயிற்றால் கட்டி வையுங்கள். பலகை விட்டாலும் எஞ்சின் கடலடிக்குப் போகாது.

மீன் காட்டும் கருவியின் சென்சாரை எங்கே மாட்டுவது? ஓடும்போது திரையில் வெறும் புள்ளிகளாக வருகின்றன.
– வாசகர், ஏர்வாடி

புள்ளிகள் காற்றுக் குமிழிகள். நம் எஞ்சின்களில் பெரும்பாலும் காத்தாடி பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கமாகச் சுற்றும். அப்படியானால் சென்சார் வலப்பக்கம், காத்தாடியிலிருந்து ஓரடிக்குக் குறையாத தூரத்தில், அடியில் நீளவாட்டில் ஓடும் வரிக்கு நேர் பின்னால் வராத இடத்தில் இருக்கட்டும். அதன் அடி, படகின் அடியைவிட 3 மில்லிமீட்டர் கீழே இறங்கினால் போதும்.

சென்சாரை நேராகப் பின்பலகையில் திருகாதீர்கள். இடம் சரியாக அமைய இரண்டு மூன்று தடவை மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு தடவையும் புதுத் துளை விழும். பாத்திரக்கடையில் காய் வெட்டுகிற கனமான வெள்ளை பிளாஸ்டிக் பலகை கிடைக்கும், ஒன்று வாங்குங்கள். அதைப் போன பதிலில் சொன்ன முறையில் இரண்டே போல்ட்டால் பின்பலகையில் மாட்டிவிட்டு, சென்சாரை அந்தப் பலகையில் திருகிக்கொள்ளுங்கள். பசையில் அது ஒட்டாது, போல்ட்தான். பிறகு எத்தனை தடவை இடம் மாற்றினாலும் துளை விழுவது காய்ப்பலகையில்.