தோல் மேல ஒட்டுற எலக்ட்ரானிக்ஸ்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

வணக்கம் மக்களே. நான் மண்டபத்துல தையல் கடை வச்சிருக்கேன், படிச்சது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. முழங்கையில ஒட்டிக்கிட்டு, தொட்டா போன்ல பாட்டு மாறுற பட்டை ஒண்ணு செஞ்சு போன வாரம் போட்டோ போட்டேன்ல, அதுலேர்ந்து கேள்வியா வந்துக்கிட்டு இருக்கு, ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியல, அதான் இன்னைக்கி மொத்தமா உக்காந்துட்டேன்.

கேள்வி (ராமநாதபுரம்): அக்கா, இது ஸ்மார்ட் வாட்ச் மாதிரிதானா? புதுசா என்ன இருக்கு?

வாட்ச் கையில கட்டுறது தம்பி, இது தோலோட தோலா ஒட்டிக்கிறது, கையை மடக்குனா இதுவும் மடங்கணும், அதுதான் கஷ்டமே. 2011-ல ஜான் ரோஜர்ஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி குழு, குழந்தைங்க ஒட்டிக்கிற டாட்டூ ஸ்டிக்கர் மாதிரி மெல்லிசா சர்க்யூட் செஞ்சு காமிச்சாங்க, ஆனா அதெல்லாம் பெரிய லேப் இருந்தாத்தான் முடியும். நம்ம மாதிரி ஆளுங்களுக்கு கதவு தொறந்தது 2016-ல. அமெரிக்காவுல எம்.ஐ.டி யுனிவர்சிட்டியோட மீடியா லேப்ல சிண்டி காவ்னு ஒரு பொண்ணு, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆளுங்களோட சேந்து டுவோஸ்கின்னு ஒண்ணு செஞ்சாங்க. டாட்டூ பேப்பர், ஸ்டிக்கர் வெட்டுற மெஷின், கடையில கெடைக்கிற தங்கத்தாள், அவ்வளவுதான் சாமான். நகை மாதிரி மினுமினுன்னு ஒட்டிக்கிற டாட்டூ ஃபேஷனா இருந்ததைப் பாத்துத்தான் அந்த யோசனையே. அப்புறம் அவங்களே கார்னெல் யுனிவர்சிட்டிக்குப் போயி, 2021-ல ஸ்கின்கிட்னு, துண்டு துண்டா மாட்டி கழட்டி திரும்ப மாட்டுற மாதிரி ஒரு செட்டு கொண்டு வந்தாங்க. எலக்ட்ரானிக்ஸ் தெரியாதவங்களும் செய்யணும்ங்கிறதுதான் அதோட நோக்கமே, எனக்கு அது ரொம்ப பிடிச்சது.

கேள்வி (தங்கச்சிமடம்): எங்க ஊர்ல அந்த வெட்டுற மெஷினுக்கு எங்க போறது? நீங்க எப்படி செஞ்சீங்கன்னு வரிசையா சொல்லுங்கக்கா.

உங்க தெருவுலயே இருக்குமே! படகுக்கு பேரு ஒட்டுற, பைக்குக்கு நம்பர் ஒட்டுற ஸ்டிக்கர் கடையில இருக்கறது அதே மெஷின்தான். டிசைனை பென் டிரைவ்ல கொண்டு போயி "இதை ஸ்டிக்கர் கட்டிங் பண்ணிக் குடுங்கண்ணே"ன்னா குடுத்துருவாங்க. மீன்பிடி தடைக்காலத்துல மட்டும் போகாதீங்க, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் படகெல்லாம் கரையேறி பெயிண்ட் அடிச்சு பேரு எழுதுற சீசன், அண்ணனுக்கு நிமிர நேரம் இருக்காது.

நான் டாட்டூ பேப்பரை விட்டுட்டேன், மெடிக்கல்ல ட்ரிப்ஸ் ஊசி மேல ஒட்டுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டர் இருக்கு பாருங்க, அதை எடுத்துக்கிட்டேன், தோலுக்கு மூச்சு விட இடம் குடுக்கும். அதோட ஒட்டாத பக்கத்துல, வெட்டி ஓட்டை எடுத்த ஸ்டிக்கரை வைக்கணும், ஓட்டை வழியா மெல்லிசா கம் தடவணும், கம் காஞ்சு விரல்ல பட்டும் படாம பிசுக்குன்னு இருக்கும்போது தங்கத்தாளை மேல போட்டு பஞ்சால மெதுவா அமுக்கணும். ஃபேனை நிப்பாட்டிருங்க. அந்த தாளு மூச்சு விட்டாலே பறந்துரும், நான் மொத தடவை ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டு செஞ்சேன், கடக்காத்துல பாதி தாளு என் தலையில, பாதி தையல் மெஷின்ல. அப்புறம் ஸ்டிக்கரை உரிச்சா கோடு மட்டும் நிக்கும். கோடு 3 மில்லிமீட்டருக்கு கொறைஞ்சா எனக்கு மடக்குற எடத்துல விட்டுப்போகுது, நேர்கோடா போடாம பாம்பு மாதிரி வளைச்சுப் போட்டா தாங்குது.

ஒயரை தங்கத்தாள்ல சால்டர் பண்ண, அதாவது ஈயம் உருக்கி ஒட்ட முடியாது, எரிஞ்சுரும். ஓரத்துல காப்பர் டேப் ஒட்டி அதுல சால்டர் பண்ணிட்டு, அப்புறம் அந்த டேப்போட மறுமுனை மேல தங்கத்தாளை ஏத்தி ஒட்டுங்க. தொடுறதைக் கண்டுபிடிக்க எம்.பி.ஆர்.121-னு சின்ன போர்டு, 12 இடம் தனித்தனியா பாக்கும், இல்லாட்டி இ.எஸ்.பி.32-னு குட்டி கம்ப்யூட்டர் மாதிரி ஒரு போர்டு வாங்குனா அதுலயே 10 டச் பின் இருக்கு, புளூடூத்தும் இருக்கு. ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, ஒட்டி முடிச்ச அப்புறம்தான் பவர் குடுக்கணும். தோலும் விரல் மாதிரிதானே, பவர் குடுத்துட்டு ஒட்டுனா போர்டு அதையே தொட்டதா நெனச்சுக்கும்.

கேள்வி (பாம்பன்): எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. தண்ணிக்குள்ள இருக்கும்போது கரையிலேர்ந்து கூப்புட கையில அதிர்ற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமா?

இந்த கேள்விக்காகத்தான் நான் உக்காந்ததே, தங்கச்சி. நானும் எங்க சின்னம்மாவுக்கு இதேதான் செய்ய நெனச்சேன், தோத்துட்டேன், எதுனாலன்னு முழுசா சொல்றேன்.

மொத விஷயம், உப்புத்தண்ணிக்குள்ள புளூடூத் சிக்னல் போகவே போகாது, ஒரு சாண் தண்ணி போதும் அதை முழுங்க. அதனால முங்கியிருக்கும்போது கூப்புடறது நடக்காது, தலை தூக்குற நேரத்துல வேணா கெடைக்கலாம். ரெண்டாவது, வேர்வையே உப்பு, அதுக்கு மேல கடலு. ரெண்டு கோட்டுக்கு நடுவுல உப்புத்தண்ணி நின்னா அதுவே ஒயர் ஆயிரும், யாரும் தொடாமலே பட்டன் அமுங்கிக்கிட்டு இருக்கும். காப்பர் டேப்பு ரெண்டு நாள்ல பச்சை பூத்துருச்சு. சின்னம்மா கையில ஒட்டுன பிளாஸ்டரு அரை மணி நேரத்துல ஓரம் கெளம்பி, மணல் ஏறி, அவங்களே பிச்சு எறிஞ்சுட்டாங்க.

அன்னைக்கி அவங்க விரலைப் பாத்தேன். பாறை கிழிக்காம இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணியைக் கிழிச்சு சுத்தி இருந்தாங்க, காலையிலேர்ந்து தண்ணியில கெடந்தும் ஒரு சுத்து அவுறல. மூட்டு மடங்குற எடத்துல மட்டும் குறுக்கா ஒரு திருப்பு திருப்பியிருக்காங்க, அதனால விரல் மடங்கும், துணி நழுவாது. நான் மாசக்கணக்கா கம்மைத் தேடிக்கிட்டு இருந்தேன், பதில் அந்த திருப்புல இருந்துருக்கு. கடல்ல வேலை செய்றவங்களுக்கு ஒட்டக் கூடாது, கட்டணும். இப்ப அந்த சுத்து மாதிரியே துணிப்பட்டையில ஸ்டீல் நூலைத் தச்சு, அதிர்ற மோட்டாரையும் பேட்டரியையும் சிலிக்கோன் ஊத்தி மூடி பாத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் அம்மா உசுரை நம்பி குடுக்குற அளவுக்கு வரல. அதனால இதை நம்பி அவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறதை விட்டுறக் கூடாது, தயவுசெஞ்சு.

கேள்வி (கீழக்கரை): நோன்பு நேரத்துல காய்ச்சுற கடல்பாசி மெல்லிசா காஞ்சா தோல் மாதிரி வருதே, அதுல செய்யலாமா?

அருமையான கேள்விமா! நம்ம கடல்ல எடுக்குற மரிக்கொழுந்து பாசியிலேர்ந்து வர்ற அகர்தான் அது. கால் லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் அகர், 15 கிராம் கிளிசரின், நல்லா கொதிக்க விட்டு தட்டுல ஊத்தி மூணு நாலு நாள் நெழல்ல காய வச்சா வளையுற படலம் வரும். கிளிசரின் போடலன்னா அப்பளம் மாதிரி ஒடைஞ்சுரும். காயும்போது சுருங்கும், அதனால மொதல்ல படலம், அப்புறம் சர்க்யூட்டு. நம்ம வேர்வைக்கு ஊறி நெகிழ்ந்துரும், ஒரு கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் கையில மினுங்க விடலாம், வேலைக்கு ஆகாது. ஆனா கழிச்சா மக்கிப் போயிரும், பள்ளிக்கூடத்துல புள்ளைங்களோட செய்ய இதை விட நல்லது எனக்குத் தெரியல. எல்.இ.டி., ஒயரை மட்டும் உரிச்சு எடுத்து வச்சுக்கங்க.

கேள்வி (தொண்டி): சூட்டுக்கு கலர் மாறுற பெயிண்ட் வாங்கிட்டேன், மாறவே மாட்டேங்குது.

டப்பாவுல 31 டிகிரின்னு போட்டுருக்கா பாருங்க தம்பி. நம்ம ஊர் வெயில்ல காலையிலயே மாறி முடிஞ்சிருக்கும். இன்னும் கூட சூட்டுல மாறுறதை வாங்கலாம், ஆனா அந்த சூட்டை தோல் மேல வைக்காதீங்க, புண்ணாயிரும். துணி மேல போட்டுக்கங்க.

கேள்வி (பரமக்குடி): சேலை ஜரிகையில கரண்ட் போகுமா?

பழைய வெள்ளி ஜரிகைன்னா போகும், இப்ப வர்ற பிளாஸ்டிக் ஜரிகையில போகாது. மல்டிமீட்டர் வச்சு பீப் சத்தம் வருதான்னு பாத்துருங்க, பாட்டி சேலையைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி.

கேள்வி (தேவிபட்டினம்): அப்பாவுக்கு பக்கவாதம், வலது கை வராது, பேச்சும் தெளிவில்ல. இடது மணிக்கட்டுல கொஞ்சம் அசைவு இருக்கு. இது உதவுமா?

உதவும்ணே, செய்ங்க. அப்பாவுக்கு எது அசையுதோ அந்த எடத்துல ஒரே ஒரு பெரிய பட்டன் போதும், அஞ்சு ரூவா காசு அளவுக்கு. இ.எஸ்.பி.32-வை புளூடூத் கீபோர்டா காமிக்க வைக்கலாம், ஆண்ட்ராய்டு போன்ல சுவிட்ச் ஆக்சஸ்னு வசதி இருக்கு, திரையில ஒவ்வொண்ணா தானா வெளிச்சம் ஓடும், வேணுங்கிறது வரும்போது அவரு மணிக்கட்டை அசைச்சு அந்த பட்டனை தன் உடம்புல பட வச்சா போதும். "தண்ணி", "வலிக்குது", "திருப்பிப் படுக்க வை", மொதல்ல இந்த மூணோட ஆரம்பிங்க.

சில விஷயம் கட்டாயம். படுத்தே இருக்கவங்க தோல் சீக்கிரம் புண்ணாகும், அதனால மரத்துப்போன பக்கம் ஒட்டவே ஒட்டாதீங்க, அரிச்சாலும் அவருக்குத் தெரியாது. நல்ல பக்கத்துல வெறும் பிளாஸ்டரை ஒரு நாள் ஒட்டிப் பாத்து, செவக்கலன்னா அப்புறம் சர்க்யூட்டு. கவரிங் நகை ஒத்துக்காதவரா இருந்தா மட்டமான தங்கத்தாளும் ஒத்துக்காது, அது செம்பும் துத்தநாகமும்தான். சார்ஜர்ல மாட்டுன நெலையில உடம்புல வைக்காதீங்க, பேட்டரியை தனியா துணிப்பையில போட்டு கட்டில் ஓரம் தொங்க விடுங்க. நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சிருந்தா டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம். வீட்ல பேரப்புள்ளைங்க இருந்தா பட்டன் செல்லு, அதான் காசு மாதிரி இருக்குற சின்ன பேட்டரி, கண்ணுல படாம வைங்க, முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துல உணவுக்குழாயை எரிச்சுரும், அப்படி நடந்தா வீட்ல வச்சு பாக்காம உடனே ஆஸ்பத்திரி.

டிசைன் நான் போட்டுத் தர்றேன், ஸ்டிக்கர் கட்டிங்குக்கு ரெடியா. மணிக்கட்டு சுத்தளவை டேப்பு வச்சு அளந்து அனுப்புங்க, கையை மடக்கி ஒரு அளவு, நீட்டி ஒரு அளவு.