சைசிங் மில்லில் கற்றது

அன்புள்ள அண்ணா,

நகரியில் இருக்கிறேன். வயது 28. ஐ.டி.ஐ. பிட்டர் முடித்துவிட்டு ஆறு வருஷமாக சைசிங் மில்லில் வேலை. அப்பா வீட்டில் நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். எனக்கு இரண்டு வயதில் பெண் குழந்தை. ரேணிகுண்டா பக்கம் பேட்டரி கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று நண்பன் கூப்பிடுகிறான். படித்தது தெலுங்கு மீடியம். கெமிஸ்ட்ரி என்றாலே காய்ச்சல் வரும். நீங்கள் பேட்டரி ஆலையில் இருந்ததாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வேலை ஒத்துவருமா?

எஸ்., நகரி

அன்புள்ள எஸ்.,

ஈய பேட்டரியா, லித்தியமா என்று நண்பரிடம் முதலில் கேளுங்கள். திருப்பதி வட்டாரத்தில் இரண்டுக்கும் ஆலை உண்டு. பேர்தான் ஒன்று. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்று கொல்லுப்பட்டறை, இன்னொன்று ஆபரேஷன் தியேட்டர்.

சைசிங் மில் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லித்தியம் ஆலையின் பாதி வேலையை ஆறு வருஷமாகச் செய்துகொண்டே, ஒத்துவருமா என்று கேட்கிறீர்கள். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, கஞ்சி ஏற்றுகிறீர்கள். கெட்டியானால் இழை விறைத்து ஒடியும், நீர்த்தால் தறியில் பிசிறடிக்கும். சூடான சிலிண்டரில் காயவைத்து, இழுப்பு குலையாமல் பீம் என்ற பெரிய உருளையில் சுற்றுகிறீர்கள். அங்கே நூலுக்குப் பதில் அலுமினியத் தாள், தாமிரத் தாள். அதன்மேல் கறுப்பாக ஒரு குழம்பைப் பூசி, நீளமான அடுப்புக்குள் ஓட்டிக் காயவைத்து, உருளையில் அழுத்திச் சுருட்டுகிறார்கள். தாமிரத் தாள் 10 மைக்ரான் அளவுதான் இருக்கும், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஒரு பக்கம் இழுப்பு கூடினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழப்போவதை ஒரு கணம் முன்னாலேயே பிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கும். இல்லாதவனை சைசிங் முதலாளி ஆறு வருஷம் வைத்திருக்கமாட்டார். லித்தியம்-அயன் பேட்டரியை 1991இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த சோனிக்குக் கைகொடுத்ததும் காஸெட் டேப்பில் பூச்சுப் பூசிப் பழகிய அனுபவம்தான்.

கஷ்டம் வேறு இடத்தில். பேட்டரிக்குள் இருக்கும் செல்லுக்குள் ஈரம் போகக்கூடாது. அதனால் செல் அடைக்கும் அறையில் ஈரப்பதத்தை 1 சதவீதத்துக்கும் கீழே வைத்திருப்பார்கள். மனுஷன் விடும் மூச்சே அங்கே தொந்தரவு. தலை முதல் கால்வரை மூடிய உடுப்பு, உதடு வெடிக்கிற வறட்சி, நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியாது. தறிச் சத்தத்தில் அரட்டையடித்தே வேலை பார்த்தவர்களுக்கு இது ஜெயில் மாதிரி இருக்கும்.

கெமிஸ்ட்ரிக்குப் பயப்படாதீர்கள். லைனில் நிற்பவருக்கு வேண்டியது எடை பார்ப்பது, நேரம் பார்ப்பது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது. இந்தக் கடைசி விஷயத்தில் கோட்டை விட்டவன் நான். ஈய ஆலையில் ஈயப் பசை தடவிய பிளேட்டுகளைச் சூடும் ஈரமுமான அறையில் ஒரு நாளுக்கு மேல் பதப்படுத்துவோம். ஒரு நைட் ஷிப்டில் தூக்கக் கலக்கம். மீட்டரைப் பார்க்காமலே முந்தைய மணிநேரத்து ஈரப்பத அளவை அப்படியே கீழே எழுதினேன், மூன்று முறை. ஈரம் இறங்கியிருந்தது எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சூப்பர்வைசர் ஒரு பிளேட்டை மேஜையில் லேசாகத் தட்டினார். பசை அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. ஒரு அறை முழுக்க அப்படித்தான். அவர் திட்டவில்லை, என் லாக் ஷீட்டை மட்டும் எடுத்து முன்னால் வைத்தார். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

தெலுங்கு மீடியம் குறையே இல்லை. ஷிப்டில் சண்டையும் சமாதானமும் அந்த மொழியில்தான். பிட்டர் படிப்பும் மெயின்டனன்ஸில் கைகொடுக்கும். காண்ட்ராக்டா, கம்பெனி ரோலா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஈய ஆலை என்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள்? உடுப்பைத் துவைப்பது யார்? ஈயத் தூசி துணியிலும் செருப்பிலும் ஒட்டி வீடுவரை வரும், பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். ஒழுங்கான இடத்தில் ஷிப்ட் முடிந்ததும் குளித்து, உடுப்பை அங்கேயே போட்டுவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள் என்றால் அடுத்த ரயிலைப் பிடித்து உங்கள் ஊர் ஸ்டேஷனான ஏகாம்பரகுப்பத்தில் இறங்கிவிடுங்கள். மடியில் ஏற ஒரு குழந்தை காத்திருக்கிறது.