டிக் லீயும் பல மரம் கண்ட தச்சனும்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், பாலிடெக்னிக் மாணவன். நண்பர்களோடு சேர்ந்து தமிழில் பாட்டு போடுகிறேன். இப்போது ஒரு மலாய்த் தோழி தன் பாட்டுக்கு இசையமைத்துத் தரச் சொல்கிறாள். என் மாமாவோ 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்' என்கிறார். நம்மூர்ப் பாடகர், இசையமைப்பாளர் டிக் லீயைத்தான் உதாரணம் காட்டுகிறார்: பாப், மேடை நாடகம், ஹாங்காங் படம், தேசிய தினப் பாட்டு என்று அலைந்ததில் எதிலும் உச்சம் தொடவில்லையாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தம்பி,

மாமா அக்கறையில்தான் சொல்கிறார், சரி. ஆனால் டிக் லீயை அதற்கு இழுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1974இல், பதின்ம வயதில், 'ஃப்ரைட் ரைஸ் பாரடைஸ்' பாடினார். சிங்கிலீஷ், அதாவது நம்மூர்ப் பேச்சு ஆங்கிலம், கலந்திருக்கிறது என்று வானொலியில் தடை போட்டார்கள். காப்பிக்கடையில் நாம் பேசுகிற பேச்சு பாட்டுக்கு ஆகாது என்றிருந்த காலம் அது. மனுஷன் விடவில்லை. 1988இல் 'பியூட்டி வோர்ல்ட்' இசை நாடகம், அடுத்த வருஷமே 'தி மேட் சைனாமேன்' ஆல்பம், அதில் 'ராசா சாயாங்' என்ற மலாய் நாட்டுப்பாடலை எடுத்து ராப் சேர்த்தார். இந்த ஊர்க்காரன் பாடினால் எப்படிக் கேட்கும் என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் இடம் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உச்சம் பற்றிக் கேட்டால், 1994இல் ஒரு ஹாங்காங் படத்துக்காக லெஸ்லி சியுங் பாடிய கேன்டனீஸ் பாட்டின் மெட்டு இவருடையது, வரிகள் லின் ஷி. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த பாடல் விருது அதற்குக் கிடைத்தது.

அப்புறம் 'ஹோம்'. 1998 தேசிய தினத்துக்கு இவர் மெட்டுப் போட்டு, கிட் சான் பாடியது. கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். நம் தமிழ்த் தேசிய தினப் பாட்டு 'முன்னேறு வாலிபா' நம்மை எழுப்பி நடைபோட வைக்கும். 'ஹோம்' தாழ்வாக, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் மனசு விட்டுப் பேசுகிற மாதிரி தொடங்குகிறது. கொடியோ முழக்கமோ கிடையாது, தெரு, கரை, ஆறு, அவ்வளவுதான், நாட்டின் பெயரே முதல் பத்தி முடிகிற இடத்தில்தான் வருகிறது. பல்லவியில் மெட்டு மேலே போகிறது, ஆனால் சாதாரணத் தொண்டைக்கு எட்டாத உயரத்துக்குப் போவதில்லை. 2020 ஏப்ரல் 25 இரவு 7.55க்கு, கோவிட் முடக்கத்தில், முன்களப் பணியாளர்களுக்காகத் தீவு முழுக்க ஜன்னலில் நின்று பாடினோமே, அன்று எங்கள் தளத்தில் ஆங்கிலம் அதிகம் வராத ஒரு பாட்டி, ஃபோன் வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டே, பல்லவி வந்ததும் சத்தமாகச் சேர்ந்துகொண்டார். யார் வாய்க்கும் பொருந்துகிற மெட்டு போடுவது லேசான காரியமே இல்லை. கேன்டனீஸ் பாடகருக்கும் மேடை நடிகர்களுக்கும் மெட்டுப் போட்டுப் போட்டுத்தான் அந்தக் கை அவருக்கு வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அதனால் தோழியின் பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். உடனே பீட் போட உட்காராதீர்கள். முதலில் அவளை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடவிட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள், எந்த சுருதியில் குரல் இளகுகிறது, எங்கே இறுகுகிறது என்று பலமுறை கேளுங்கள், மலாய்ச் சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று அவளிடமே விசாரியுங்கள். அதற்குப் பிறகு கீ முடிவு செய்தால் போதும். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், மாமாவுக்கும் போட்டுக் காட்டுங்கள்.