வாசகர் கேள்வி, நம்ம பதில்: டிசம்பர் குளிர்ல லண்டன் போறீங்களா?

கேள்வி: டிசம்பர் 18 கிளம்பி ஜனவரி 8 வரைக்கும் நானும் எங்க வீட்டுக்காரரும் இங்கிலாந்து போறோம். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டிடுச்சு, இதான் முதல் தடவை. லண்டன்லயே ஹாரோல கொழுந்தனார் வீடு, ஈஸ்ட் ஹாம்ல அத்தை பொண்ணு, எடின்பரோல இவரோட பழைய ஆபீஸ் நண்பர், லெஸ்டர்ல என்கூட காலேஜ் ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருந்தவ. இவரு அப்படியே பாரிஸும் பாத்துடலாம், லெஸ்டருக்கு காலைல போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம்ங்கறார். எனக்கு மனசு கேக்கல. எப்படி பிளான் பண்றது?
- திருச்சி வாசகி

பதில்: அம்மா, முதல்ல பாரிஸை எடுத்துடுங்க. அதுக்கு ஷெங்கன் விசான்னு ஐரோப்பிய நாடுகளுக்கான விசா தனியா வாங்கணும், அந்த அலைச்சலும் காசும் இந்த தடவை வேண்டாம். நீங்க போறது மனுஷங்கள பாக்க, அதுக்கே மூணு வாரம் சரியா இருக்கும். ஏன்னா டிசம்பர்ல லண்டன்ல விடியறதே எட்டு மணிக்கு, நாலு மணி ஆகறதுக்குள்ள இருட்டிடும், எடின்பரோல இன்னும் மோசம். லெஸ்டருக்கு காலைல போயி சாயங்காலம் திரும்பறதுன்னா அவங்க கதவத் திறந்து காபி போட்டு சாப்பாடு எடுத்து வைக்கறதுக்குள்ள வெளிய இருட்டிடும், நீங்க கோட்ட மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு ஓடணும். இத்தனை வருஷம் கழிச்சு பாக்கறவங்க முதல் ரெண்டு மணி நேரம் பிள்ளைங்க, மாத்திரை, வீட்டு லோன்னுதான் பேசுவாங்க. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பாத்திரம் கழுவறப்பதான் ஹாஸ்டல் கதையே ஆரம்பிக்கும். ரெண்டு ராத்திரியாவது தங்குங்க, இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. சாரையும் கூட்டிட்டுப் போங்க, ஊர்ல பாக்க விஷயம் இருக்கு. மூணாம் ரிச்சர்ட் ராஜாவோட எலும்புக்கூட்ட 2012ல ஒரு கார் பார்க்கிங்குக்கு அடியிலதான் தோண்டி எடுத்தாங்க, இப்ப அங்க கதீட்ரல்ங்கற பெரிய சர்ச்சுல அடக்கம் பண்ணியிருக்காங்க. 1972ல சர்வாதிகாரி இடி அமீன் உகாண்டாவ விட்டுத் துரத்தினப்போ வந்த குஜராத்தி ஜனங்க நிறைய பேர் குடியேறின ஊரு அது, பெல்கிரேவ் ரோடுல நடந்தா புடவைக்கடை, நகைக்கடைன்னு நம்ம ஊரு மாதிரியே இருக்கும்.

இப்ப தேதி விஷயம், இதுலதான் பலபேர் மாட்டிக்கிறாங்க. டிசம்பர் 25 அன்னிக்கு லண்டன்ல பஸ், டியூப்ங்கற சுரங்க ரயில், மத்த ரயில் எதுவுமே ஓடாது, 26ஆம் தேதியும் பெரும்பாலான ரயில் கிடையாது, அதுக்கப்புறம் புதுவருஷம் வரைக்கும் தண்டவாள வேலைன்னு அங்கங்க நிறுத்தி வைப்பாங்க. அதனால லெஸ்டர 20லேர்ந்து 22க்குள்ள முடிச்சுட்டு 24 மத்தியானத்துக்குள்ள கொழுந்தனார் வீட்ல போயி உக்காந்துடுங்க. பிள்ளைங்களுக்கும் லீவு, வேலைக்குப் போறவங்களும் வீட்ல இருப்பாங்க, சொந்தக்காரங்களோட இருக்க அதவிட நல்ல நாள் கிடையாது. எடின்பரோ ஜனவரி 2க்கு அப்புறம் வச்சுக்கோங்க, லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்லேர்ந்து ரயில்ல நாலரை மணி நேரம், சும்மா ஜன்னலோரம் உக்காந்தாலே போதும், பெரிக்ங்கற ஊரு கிட்ட கடல் ஓரமாவே போகும்.

டிக்கெட்ட சீக்கிரம் எடுத்தா விலை நல்லா குறையும். ரெண்டு பேரும் சேர்ந்தே போறதுக்கு டூ டுகெதர் ரயில்கார்டுன்னு ஒண்ணு இருக்கு, 35 பவுண்டு, அந்த ஒரே கார்டுல ரெண்டு பேருக்கும் டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும், ஆனா வார நாள்ல காலைல ஒன்பதரைக்கு முன்னாடி செல்லாது. லண்டனுக்குள்ள பஸ், டியூப்ல போக ஆய்ஸ்டர்ங்கற பயண கார்டு ஆளுக்கு ஒண்ணு வேணும், ஒரே கார்ட ரெண்டு பேரும் மாத்தி மாத்தி தேய்க்க முடியாது.

இன்னொண்ணு, யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டாங்க, சொல்ல சங்கடப்படுவாங்க. அங்க பாத்ரூம்ல பெரும்பாலும் தரைல தண்ணி போற ஓட்டையே இருக்காது. குளிக்கற தொட்டிக்குள்ள நின்னு, திரைய தொட்டிக்கு உள்பக்கமா இழுத்து விட்டுட்டுத்தான் குளிக்கணும். நம்ம வழக்கத்துல சொம்புல மொண்டு வெளிய ஊத்தினா அந்தத் தண்ணி கீழ ஹால் சீலிங்ல இறங்கி கறை புடிச்சுடும், சரிபண்ண ஆகற செலவு பெருசு. கொழுந்தனார் மனைவி வாய் திறந்து சொல்லமாட்டாங்க, நீங்களே பாத்துக்கோங்க. ராத்திரி ஹீட்டரையும் கேக்காம கூட்டாதீங்க, கேஸ் பில்லு அங்க எல்லா வீட்லயும் ஒரு கவலை, உள்ள தெர்மல்ங்கற குளிர்கால உள்ளாடையும் சாக்ஸும் போட்டுக்கிட்டா போதும். கனமான கோட்டு இங்க வாங்காதீங்க, அங்கயே நல்லதா கிடைக்கும். அடிப்பக்கம் பிடிப்பு இருக்கற ஷூ முக்கியம், காலைல நடைபாதைல கண்ணுக்கே தெரியாம ஐஸ் படிஞ்சிருக்கும், இந்த வயசுல விழக்கூடாது. பிபி, சுகர் இருந்தா மறைக்காம சொல்லி டிராவல் இன்சூரன்ஸ் எடுங்க, ஆஸ்பத்திரில சேர்ந்துட்டா விசிட்டருக்கு பில்லு வரும்.

மார்கழில போறீங்க, அதனால லண்டன் ஹைகேட் முருகன் கோயிலுக்கு ஒரு நாள் வச்சுக்கோங்க. 2002ல எலிசபெத் ராணி நேர்ல வந்துட்டுப் போன கோயில் அது. ஈஸ்ட் ஹாம்ல அத்தை பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துலயும் முருகன் கோயில் இருக்கு, சுத்துவட்டாரத்துலயே கறிவேப்பிலை, முருங்கைக்காய், தோசை மாவு எல்லாம் கிடைக்கும், மூட்டை கட்டாதீங்க.

கேள்வி: லண்டன்ல இருக்கற மகனுக்கு பால்கோவா கொடுத்து அனுப்பலாமா?
- ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

பதில்: வேண்டாங்க. இந்தியாவுலேர்ந்து பால், பாலாடை, நெய், இறைச்சி எதுவும் பயணிகள் கொண்டுபோகக் கூடாதுன்னு அங்க சட்டம், ஏர்போர்ட்ல பிடுங்கிக் குப்பைல போட்டுடுவாங்க. ஆசையா கிண்டினது அப்படிப் போனா வயிறு எரியும். கோவில்பட்டி கடலைமிட்டாய், பருப்புப்பொடி, அப்பளம், வத்தல் கொடுத்து அனுப்புங்க. பால்கோவா அவரு ஊருக்கு வர்றப்போ சூடா சாப்பிடட்டும்.