விலை குறைந்த கிரிம்பிங் டூலில் போட்ட பின்கள் கழன்று வருகின்றன. டூலை மாற்ற வேண்டுமா?

எஸ்என்-28பி வகை ராட்செட் டூல் வாங்கியிருக்கிறீர்கள், அதாவது வயர் முனையில் உலோகப் பின்னை அழுத்திப் பொருத்தும், முழுதாக அழுத்தும் வரை பிடியை விடாத இடுக்கி. போர்டில் செருகும் சின்ன பிளாஸ்டிக் கனெக்டருக்கான ஜேஎஸ்டி எக்ஸ்ஹெச் பின்களைப் போட்டால் பத்துக்கு நாலு, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடுகின்றன. விலை கூடிய டூல் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நானும் அதே வகை டூலைத்தான் ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். முதலில் உங்கள் வயரைப் பாருங்கள்.

நம் ஊர்க் கடைகளில் வயர் 7/36, 14/36, 23/36 என்றுதான் கிடைக்கும். முதல் எண் எத்தனை இழை என்பது. அடுத்தது ஒவ்வோர் இழையின் கேஜ், அதாவது தடிமன் எண், அதுவும் பிரிட்டிஷ் எஸ்டபிள்யூஜி கணக்கில். பின்னுக்குச் சொல்லப்படும் கேஜோ அமெரிக்க ஏடபிள்யூஜி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பின்கள் வீணாகின்றன. 36 கேஜ் இழை 0.193 மி.மீ. தடிமன். ஏழு இழை சேர்ந்தால் சுமார் 0.2 சதுர மி.மீ., அதாவது 24 ஏடபிள்யூஜி. 14/36 என்றால் 0.41 சதுர மி.மீ. ஆகிவிடும். வழக்கமான எக்ஸ்ஹெச் பின் 28 முதல் 22 ஏடபிள்யூஜி வரைக்கும்தான், உச்சம் 0.33 சதுர மி.மீ. ஆக 14/36 அதற்குள் அடங்காது, வயரைச் சுற்றி மடங்க வேண்டிய பின்னின் மடல்கள் பாதியிலேயே நின்றுவிடும். கடையில் 'எல்லாத்துக்கும் பதினாலு முப்பத்தாறு போதும்ணே' என்பார்கள், கேட்காதீர்கள். இந்தப் பின்னுக்கு 7/36தான் சரி. மேல் உறையோடு சேர்த்து வயரின் குறுக்களவு 1.9 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

இதில் நான் இவ்வளவு கறாராக இருக்க ஒரு காரணம் உண்டு. என் சித்தப்பா வீட்டில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க ஒரு இன்குபேட்டர் செய்து கொடுத்தேன். சென்சார் வயர் எட்டவில்லை என்று நீட்டி, முனையில் புதிதாக எக்ஸ்ஹெச் பின் போட்டேன். கையில் இருந்தது 14/36. அழுத்தி மூடி, ஹவுசிங் என்ற பிளாஸ்டிக் கூட்டில் தள்ளி, வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன். அந்த சென்சார் 10 கிலோ ஓம் என்டிசி வகை, சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும். 37.7 டிகிரியில் ஏறக்குறைய 5.8 கிலோ ஓம். அந்த இடத்தில் 240 ஓம் கூடினாலே சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டுக்கு ஒரு டிகிரி குறைந்தது போலத் தெரியும். என் பின்னில் பிடிப்பு தளர்ந்து ஐந்நூறு ஓமுக்கு மேல் ஏறியிருந்தது. போர்டு இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து ஹீட்டரை விடாமல் ஓட்டியிருக்கிறது. திரையில் மட்டும் 37.7 என்றே காட்டியது. 48 முட்டையில் ஒன்பதுதான் பொரிந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பின்னில் இரண்டு ஜோடி மடல்கள் இருக்கும். சின்ன ஜோடி செம்பு இழையைப் பிடிக்க, பின்னால் உள்ள பெரிய ஜோடி உறையைப் பிடிக்க. உறையை 2 முதல் 2.5 மி.மீ. மட்டும் சீவுங்கள். ஓர் இழைகூட அறுபடக் கூடாது, ஏழில் ஒன்று போனாலே ஏழில் ஒரு பங்கு பலம் போச்சு. உறை முடியும் விளிம்பு இரண்டு ஜோடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தெரிய வேண்டும். உறை செம்பு மடலுக்குள் போய்விட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தொடர்பு இருக்காது.

விலை குறைந்த டூலில் உண்மையான குறை ஒன்றுதான். அதன் பற்கள் டூபான்ட் என்ற வேறு வகைப் பின்னை மனத்தில் வைத்துச் செய்தவை. எக்ஸ்ஹெச் பின்னின் பெரிய மடல்கள் அதற்குக் கொஞ்சம் அகலம். அப்படியே வைத்து அழுத்தினால் ஒரு மடல் உள்ளே சுருளாமல் வெளிப்பக்கமாக மடங்கும். அதனால் நோஸ் பிளையரால் பெரிய மடல்களை லேசாக உள்ளே தள்ளி, இரண்டும் நேராக எதிரெதிரே நிற்கும்படி செய்துகொள்ளுங்கள். என் கணக்கில் பத்துக்கு நாலு என்பது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது இந்த ஒரு வேலையால்தான்.

அப்புறம் பின்னின் வயிறு டூல் தாடையின் தட்டையான பக்கத்தில், மடல்கள் 'எம்' வடிவப் பள்ளத்தை நோக்கி. முன்பக்கத்துப் பெட்டி போன்ற பகுதி தாடைக்கு வெளியே இருக்க வேண்டும், உள்ளே மாட்டினால் நசுங்கிவிடும். பின் விழாமல் நிற்கும் அளவுக்கு ராட்செட்டை ஓரிரு கிளிக் மூடி, அதன் பிறகு வயரை நுழையுங்கள். ராட்செட் தானாக விடும் வரை ஒரே மூச்சில் அழுத்துங்கள். முழுதாக விட்ட பிறகும் பிடிப்பு தளர்வாக இருந்தால், கைப்பிடிக்கு நடுவில் உள்ள சின்னப் பல்சக்கரத்தின் திருகைக் கழற்றி, பிளஸ் பக்கம் ஒரு பல் நகர்த்துங்கள். ஒன்றுக்கு மேல் நகர்த்தினால் இழை அறலாம்.

பயத்தில் மேலே ஈயம் வைக்காதீர்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரை விறைப்பாக்கிவிடும், ஆடும் இடத்தில் அந்த விறைப்பு முடியும் புள்ளியில் சரியாக ஒடியும். ஈயம் தோய்த்த முனையைக் கிரிம்ப் செய்வது இன்னும் மோசம், ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து நாளாக நாளாகப் பிடி விட்டுப்போகும். செம்பும் பின்னும் காற்றுப் புகாமல் இறுகுவதுதான் கிரிம்பின் பலம்.

வேலையைத் தொடங்கும் முன் அதே வயரில் ஐந்து பின்னை வீணாக்குங்கள். பின்னை ஆணியில் கட்டி, வயரின் மறுமுனையில் மூன்று லிட்டர் தண்ணீரை ஒரு நிமிடம் தொங்கவிடுங்கள். ஐந்தும் தாங்கினால் டூல் போதும். ஒன்று விழுந்தாலும் அந்தப் பின்னை போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இழைகள் அறுந்திருந்தால் அழுத்தம் அதிகம், முழுசாக உருவி வந்திருந்தால் குறைவு.